பதினேழு மணி நேரம், பதினொரு நொடி

1

போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் ரயிலில், திரும்பி வரும்போது மழை இருக்குமா என்று பார்ப்பதற்காகக் கைபேசியில் 'டொரன்டோ' என்று தட்டினேன். மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது: 'டொரன்டோ திருவனந்தபுரம் தூரம் விமான நேரம்'.

ஒரு வருடத்துக்கு முன்னால் நான் தேடியது. நான் மறக்கப் பார்த்ததை அது பத்திரமாக வைத்திருந்தது. கை தவறி அழுத்திவிட்டேன். அதே பக்கம் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே உலகத்தின் மேல் வளைந்து போகும் நீலக் கோடு. பதின்மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ பதினேழு மணி.

அப்படிப் பதினேழு மணி நேரத்தில் நேராகப் போய் இறங்கும் விமானம் ஒன்றும் கிடையாது. தூரத்தை வேகத்தால் வகுத்து யாரோ போட்டு வைத்த எண் அது. உண்மையில் வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, நாற்காலியில் சரிந்து கிடந்து, மறுபடி ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் மலையைச் சுற்றி செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வர வேண்டும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அண்ணன் வீட்டு வாசலுக்கு முப்பது மணி நேரம்.

இதை ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. திருவனந்தபுரத்து டிரைவர் ஒருவன் தவறான செய்தி அனுப்பியதால்தான் என் அண்ணன் விழுந்தார், விழுந்ததால்தான் போனார் என்று. அந்தப் பேச்சில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெரிந்தவர்களில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் என் மகள். மூன்றாவது ஆள் நான்.

2

என் மகள் இனியா இங்கே பிறந்தவள். அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்திருந்தாள். கோடை விடுமுறையில் தனியாகத் தென்காசிக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் ஐந்து வாரம் தங்கப் போவதாகச் சொன்னாள். நானும் என் மனைவி செல்வியும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செல்வி பட்டாள். நான் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

அவளுடைய தமிழ் அப்படி. இரண்டாம் வகுப்புவரை நன்றாகப் பேசினாள். பிறகு நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுமாக வீடு மாறிவிட்டது. ஒரு நாள் கூட அது மாறிய நாளாக எனக்கு நினைவில் இல்லை. 'அப்பா' என்று கூப்பிட்டவள் எந்தக் கிழமையிலிருந்து 'டாட்' என்று கூப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தப் பிள்ளை வழியில் யாரிடமாவது எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு தொலைந்துபோவாள் என்பதுதான் என் பயம். தப்பாகப் புரிந்துகொள்ளப்போவது யார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விமான நிலையத்திலிருந்து தென்காசிக்கு ஷாஜி என்ற டிரைவரை அமர்த்தினேன். நெடுமங்காடு பக்கத்துக்காரர். எங்கள் ஊர்க்காரர்கள் பலரை ஏற்றி வந்து விட்டவர். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: எங்கே வண்டியை நிறுத்தினாலும் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். "ஓ, அதினெந்தா சாரே" என்று ஒத்துக்கொண்டார். அவளிடம் இந்திய சிம் இல்லை. அவள் குரல் எனக்கு வர வேண்டுமென்றால் ஷாஜியின் கைபேசி வழியாகத்தான் வர வேண்டும்.

ஷாஜி சொன்ன சொல் தவறவில்லை. பாலோட்டில் சாயா குடித்தார்கள், செய்தி வந்தது. தென்மலையில் நிறுத்தினார்கள், வந்தது. ஆரியங்காவில் போக்குவரத்து நெரிசல், அதுவும் வந்தது. இங்கே அதிகாலையிலிருந்து சமையலறையில் கையில் கைபேசியோடு நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு செய்தியும் வரும்போது சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஊர்ப்பெயரை எழுதி 'டிக்' போட்டேன். செல்வி, "பிள்ளை வருதா, பார்சல் வருதா?" என்று கேட்டாள்.

3

செங்கோட்டை தாண்டியதும் நேராகத் தென்காசிக்கு வராமல் ஐந்தருவி பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறாள் இனியா. சீசன் நேரம். அருவியை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

இங்கே காலை ஆறு நாற்பது. அங்கே மாலை நான்கு பத்து. பதினொரு நொடிக் குரல் செய்தி வந்தது. பின்னால் பெரிய இரைச்சல். பிள்ளைகள் கத்துகிறார்கள். அதன் நடுவே ஷாஜியின் குரல்:

"சாரே, ஐந்தருவி எத்தி. மோள் வெள்ளம் குடிச்சு. இப்போ கெடக்குவா. பேடிக்கண்டா, ஞான் உண்டு."

மூன்று தடவை கேட்டேன். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: ஐந்தருவி. வெள்ளம். குடித்துவிட்டாள். கிடக்கிறாள். பயப்பட வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போதுதான் பயம் உறுதியாகிறது.

ஷாஜியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. செல்வி மாடியிலிருந்து இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டவில்லை. நானே சொன்னேன். அவள் மதுரைக்காரி. போட்டுக் காட்டியிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

4

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆலங்குளம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மத்தியானத்திலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்திருக்கிறார். போனை எடுத்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"என்னலே, பிள்ளய இன்னும் காணும்? உங்க மதினி உளுந்த ஊறப்போட்டு அரைச்சு வச்சிட்டு எண்ணெயக் காய வைக்கவா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கா. செங்கோட்ட தாண்டிட்டாளா?"

"அண்ணே, ஐந்தருவியில வெள்ளமாம். பிள்ள தண்ணியக் குடிச்சிட்டாளாம். அசைவில்லாம கெடக்காளாம்."

பின்னால் மதினி யாரிடமோ எதையோ எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"யாரு சொன்னா?"

"டிரைவர்."

"என்ன சொன்னான்? அவன் சொன்னத அப்படியே சொல்லு."

"அதத்தான சொல்லுதேன். வெள்ளம் வந்திருக்கு, குடிச்சிட்டா, கெடக்கா."

"ஏலே, காலையிலேருந்து இங்கன வெறும் சாரல்தான் இருக்கு. வெள்ளம் எங்கன இருந்து வந்துச்சு?"

"மேல மலையில பெஞ்சிருக்கும்ணே."

இந்த இடத்தில்தான் நான் தினமும் வந்து நிற்கிறேன். அருவிக்கு ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் மனிதர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு சந்தேகப்படுகிறார். உலகத்தின் மறுபக்கத்தில் சமையலறையில் நிற்கும் நான் அவருடைய மலையில் மழை பெய்திருக்கும் என்று அவருக்குச் சொல்கிறேன். அவர் என்னை நம்பினார்.

"சரி. நீ போன வை."

சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. "எங்க போறீய, குடையாவது எடுத்துட்டுப் போங்க" என்று மதினியின் குரல் கேட்டது. பிறகு போன் துண்டாகிவிட்டது.

5

அடுத்து நான் செய்தது என்ன தெரியுமா? அழவில்லை. கைபேசியை எடுத்துத் தூரமும் விமான நேரமும் தேடினேன். இருபத்து நான்கு வருடத்தில் எட்டுத் தடவை போய் வந்த வழி. எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தேடினேன். யாராவது ஒரு சின்ன எண்ணைச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. பதினேழு என்று பார்த்ததும் ஒரு கணம் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. முப்பதுக்குப் பதினேழு பரவாயில்லை என்று.

டிக்கெட் எடுத்தேன். அலுவலகத்துக்கு அவசர விடுப்புப் படிவம் கணினியில் நிரப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவர் யார் என்று ஒரு கட்டம். கீழே இறங்கும் பட்டியலில் 'பிள்ளை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'விபத்து, நீர்' என்று எழுதினேன். இருபது எழுத்துக்கு மேல் எழுதினால்தான் ஏற்போம் என்றது அந்தக் கட்டம். என் மகள் நீரில் விபத்துக்குள்ளானாள் என்று முழு வாக்கியமாக எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

செல்வியின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவள் வர முடியாது. விமான நிலையத்துக்கு அவள்தான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறும்போது ஷாஜியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் இனியாவின் குரல்.

"டாட்."

செல்வி சாலை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டாள்.

"டாட், வீட்டுக்கு வர்ற வழியில பெரியப்பா ரோட்ல விழுந்து கிடக்கார். ஸ்கூட்டர் ஸ்லிப் ஆயிருச்சு. காலை அசைக்க முடியலை. ஆம்புலன்ஸ் வருது."

"நீ எப்படி இருக்கே?"

"ஐ'ம் ஃபைன். எனக்கு என்ன? பெரியப்பா என்கிட்ட 'ஏட்டி, நீ தண்ணியக் குடிச்சிட்டியாமே'ன்னு கேட்டுட்டே இருக்கார். நான் எஸ், குடிச்சேன்னு சொன்னேன். அப்புறம் ஷாஜி அங்கிள்கிட்ட ஏதோ கேட்டார். அங்கிள் சொன்னார். இப்ப பெரியப்பா சிரிக்கிறார், டாட். வலியில அழறார், சிரிக்கிறார். வொய் இஸ் ஹீ லாஃபிங்?"

6

இதைப் படிக்கும் தென்காசிக்காரர்களும் செங்கோட்டைக்காரர்களும் மூன்றாம் பகுதியிலேயே தெரிந்துகொண்டிருப்பீர்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர். முப்பது மணி நேரம் சரியாகச் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு அருவிக்கரையில் தலை சுற்றியிருக்கிறது. ஷாஜி பாட்டிலில் தண்ணீர் கொடுத்துக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்திருக்கிறார். அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நான் கேட்டுக்கொண்டபடி எனக்குச் சொல்லியிருக்கிறார். மகள் தண்ணீர் குடித்தாள், இப்போது படுத்திருக்கிறாள், பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன். இதில் எது தவறு?

எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகத் தெரியும். அண்ணனுக்கு வேலை கிடைப்பதற்கு முன்னால் இரண்டு சீசன் ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றார். நான் அப்போது உயர்நிலைப் பள்ளி. சனி ஞாயிறு அவரோடு கடையில் நிற்பேன். கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் வருகிறவர்கள் பழம் வாங்கித் தின்றுவிட்டு, "சேட்டா, வெள்ளம் உண்டோ?" என்று கேட்பார்கள். அண்ணன் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு பின்னால் கொட்டும் அருவியைக் கையால் காட்டுவார். "எம்புட்டு வேணும்? கொண்டு போகப் பாத்திரம் வச்சிருக்கீயளா?" அவர்கள் சிரிப்பார்கள். பிறகு சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணீரை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை இதே வேடிக்கை. ஒரு தடவை கூட எனக்கு அலுத்ததில்லை.

அதனால்தான் ரோட்டில் இடுப்பு முறிந்து கிடந்தவர் சிரித்திருக்கிறார்.

அந்தச் சொல் என்னிடமிருந்து எப்போது போனது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இங்கே வந்த பிறகு வெள்ளம் என்ற சொல்லை நான் கேட்டதெல்லாம் செய்தியில்தான். தினமும் காலையில் கைபேசியில் ஊர்ச் செய்தி பார்ப்பேன். அருவிகளில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை. ஊரில் இருப்பவர்களுக்கு ஊர் என்பது மாவாட்டுவதும் எண்ணெய் காய வைப்பதும். தூரத்தில் இருப்பவனுக்கு ஊர் என்பது செய்தி. நல்லபடியாக நடப்பது எதுவும் செய்தியாக வராது. இருபத்து நான்கு வருடம் அப்படியே படித்துப் படித்து, ஊரிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் கெட்ட செய்தியாகவே கேட்கப் பழகிவிட்டேன். யாரோ ஒருவர் என் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததை என் காது அப்படித்தான் கேட்டது.

இனியாவிடம், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பிறகு கேட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து ஷாஜி அங்கிள் அரை மணிக்கு ஒரு தடவை பாட்டிலைக் காட்டி "வெள்ளம் வேணோ மோளே" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். "இட்ஸ் வாட்டர், டாட். நீ இந்த ஊர்தானே?" என்றாள்.

நான் தொலைத்த சொல்லை அவள் மூன்று மணி நேரத்தில் எடுத்துக்கொண்டாள்.

7

டிக்கெட் எடுத்தாயிற்று. மகளுக்காக எடுத்த டிக்கெட்டில் அண்ணனைப் பார்க்கப் போனேன்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது மதினி கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மதினி செங்கோட்டைக்காரி. அவள் பிறந்த வீட்டில் பாதிப் பேச்சு மலையாளம் கலந்துதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீயளா? அந்த டிரைவர் பயல எங்கன பிடிச்சீய? பச்சப் பிள்ளையப் போயி இப்படிச் சொல்லலாமா அவன்? நாக்கு அழுகிப் போவாதா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் கட்டிலிலிருந்து பேசினார். "விடு. அவனும் பதறிப் போயிச் சொல்லத் தெரியாமச் சொல்லிட்டான்."

"சொல்லத் தெரியாமன்னா? என்னன்னு சொன்னான்?"

"என்னமோ சொன்னான். எனக்கு ஞாபகம் இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மதினி மருந்து வாங்கப் போனபோது, "ஏலே" என்று கூப்பிட்டார். "தெனமும் காலையில ஒரு பூவும் ஒரு குட்மார்னிங்கும் அனுப்புதியே. அவன் பேசுனத எனக்கு அப்படியே அனுப்பியிருக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான். அனுப்பியிருந்தால் பதினொரு நொடியில் அவருக்குப் புரிந்திருக்கும். சிரித்துவிட்டு மதினியிடம் எண்ணெயைக் காய வைக்கச் சொல்லியிருப்பார். அனுப்புவதற்கு இரண்டு தட்டல் போதும். நான் அனுப்பாமல் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். அதிலும் 'அசைவில்லாமல்' என்று ஒரு சொல்லை நானே சேர்த்தேன். ஷாஜி அப்படிச் சொல்லவில்லை. எதற்குச் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பவன் சொன்னால் எடுபடாது என்று நினைத்திருப்பேனோ என்னவோ.

"நான் மதினிட்ட சொல்லிருதேன்ணே."

"சொல்லாத. அவள உனக்குத் தெரியாது. ஒருத்தர் மேல மனசு விட்டுப்போச்சுன்னா பிறகு ஒட்டாது. உனக்கு ஊர்ல கதவு தெறக்க இருக்கது இந்த ஒரு வீடுதான். நான் எந்திரிச்சு நடந்துக்கிட்டா எல்லாம் சரியாப் போவும். டிரைவர் யாரோ எவனோ. இருந்துட்டுப் போட்டும்."

இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அலுவலகத்திலிருந்து கடிதம் காத்திருந்தது. மகளின் விபத்துக்கு ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும் என்று. இல்லை என்றேன். அப்படியானால் படிவத்தைத் திருத்துங்கள் என்றார்கள். 'பிள்ளை' என்பதை எடுத்துவிட்டு 'உடன்பிறந்தவர்' என்று மாற்றினேன். திருத்தத்துக்கான காரணம் என்று கீழே ஒரு கட்டம் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மொழிபெயர்ப்புப் பிழை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

போன வாரம்வரை இந்த உலகத்தில் நான் உண்மையை எழுதிய ஒரே இடம் அதுதான்.

8

அண்ணன் எழுந்து நடக்கவில்லை. கம்பியைப் பிடித்துக் கழிவறைவரை போனார். பிறகு அதுவும் இல்லை. படுக்கையிலேயே இருந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மாசியில் போய்ச் சேர்ந்தார். நான் போகவில்லை. விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை அன்றைக்கும் திறந்து பார்த்தேன். பதினேழு மணி நேரம் என்றுதான் இருந்தது.

ஷாஜிக்கு எங்கள் ஊரிலிருந்து சவாரி வருவது நின்றுவிட்டது. மதினி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் வேறு டிரைவர் ஏற்பாடாகிவிட்டார். அண்ணன் போன மறுவாரம் ஷாஜியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "சாரே, ஞான் தெற்றாயிட்டு ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ?" நான் தவறாக எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கிறார். இந்த மலையாளம் எனக்கு ஒரு தடவையிலேயே புரிந்தது. பதில் போடவில்லை.

இனியா போன ஆகஸ்ட் கடைசிவரை தென்காசியில் இருந்து பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டாள். வடை சுடவும் படுக்கை விரிப்பு மாற்றவும் கற்றுக்கொண்டு வந்தாள். வரும்போது அவள் தமிழில் 'இங்கன' இருந்தது. அதை என்னிடம் பேசவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஆங்கிலத்தில் கேட்டாள். அதை இங்கே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. இந்த முறை ஒரு சொல்லும் சேர்க்கவில்லை:

"பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"

"பெரியப்பா சொல்ல வேண்டாம் என்றார்."

"அவர் உனக்காக வேண்டாம் என்றார். நீ அவருக்காகச் சொல்லவில்லை என்று சொல்கிறாய்."

இப்போது அவள் வேறு ஊரில் படிக்கிறாள். பேருந்தில் ஐந்து மணி நேரம், விமானத்தில் ஒரு மணி. அதையும் தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் பேசுகிறாள். அண்ணன் போன அன்று மட்டும் என்னைக் கூப்பிட்டாள். அழுது முடித்துவிட்டு, "சொல்லிட்டியா?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

9

போன செவ்வாய்க்கிழமை ரயிலில் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஷாஜியின் பழைய செய்திகளைத் திறந்தேன். பாலோடு, தென்மலை, ஆரியங்காவு, ஐந்தருவி. கீழே அவருடைய அந்தக் கேள்வி, பதில் இல்லாமல். முதலில் அவருக்கு எழுதினேன்: நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், நான்தான் தவறாகக் கேட்டேன், தவறாகச் சொன்னேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "கொழப்பமில்லா சாரே. மோளுக்கு சுகந்தன்னே?"

பரவாயில்லை என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொழப்பமில்லை. மகள் நலமா என்று கேட்கிறார்.

பிறகு அந்தப் பதினொரு நொடியை எடுத்து, இப்போது மதினி வைத்திருக்கும் அண்ணனின் எண்ணுக்கு அனுப்பினேன். கூட எதுவும் எழுதவில்லை. விளக்கம் சொல்லவில்லை. ஒரு வருடம் தாமதமாக, இரண்டு தட்டல். பதின்மூவாயிரம் கிலோமீட்டரை அது ஒரு நொடியில் கடந்தது. அங்கே மாலை ஐந்தரை இருக்கும். மதினி விளக்கேற்றுவதற்கு முன்னால் கைபேசி பார்க்கும் நேரம்.

நீலக் குறி விழுந்தது. மதினியின் குரல் வந்தது.

"தம்பி, இது அந்த டிரைவர் கொரலுல்லா? பிள்ளைக்குத் தண்ணி குடுத்துப் படுக்க வச்சிருக்கேன், பயப்படாதீய, நான் இருக்கேன்னு சொல்லுதான். நல்லபடியாத்தான சொல்லியிருக்கான். இத எதுக்கு இப்ப அனுப்பியிருக்கீய?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தது. குரல் மாறியிருந்தது.

"தம்பி, இது என்னைக்கு வந்தது?"

அந்தத் தேதியைத் தட்டி அனுப்பினேன். நேரத்தையும் போட்டேன். நான்கு பத்து.

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. இறங்கவில்லை. அடுத்த நிலையமும் போயிற்று. அதற்கும் அடுத்ததற்கு முன்னால் மூன்றாவது வந்தது. நான்கு நொடி.

"அப்ப அவுகள்ட்ட நீங்க என்னன்னு சொன்னீய?"

ரயில் கடைசி நிலையத்தில் நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். மைக் குறியை அழுத்திப் பிடித்து, அன்று அண்ணனிடம் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். வெள்ளம் என்றேன். தண்ணியைக் குடித்துவிட்டாள் என்றேன். அசைவில்லாமல் என்றேன். அந்தச் சொல் நான் சேர்த்தது மதினி, டிரைவர் சொல்லவில்லை என்றேன். அனுப்பினேன்.

நீலக் குறி விழுந்தது. கேட்டுவிட்டாள்.

இன்றோடு ஆறு நாள். தினமும் காலையில் பூவும் குட்மார்னிங்கும் அனுப்பிக்கொண்டிருந்த அந்த எண்ணைத் திறந்து பார்க்கிறேன். எதுவும் வரவில்லை.